ஆறு நிமிட ஆய்வாளர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பல்துறைப் பன்னாட்டுக் கருத்தரங்கின் அழைப்பு மடல் ஒட்டப்பட்டிருக்கும். சங்க இலக்கியம், வணிகவியல், கணினி அறிவியல், தாவரவியல், பெண்ணியம், சுற்றுச்சூழல் என்று தலைப்புகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசி வரியில் ‘இவை சார்ந்த பிற தலைப்புகளிலும் கட்டுரை அனுப்பலாம்’ என்று இருக்கும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அந்த வரியில் தெரியும். அதன் கீழே பதிவுக் கட்டணம், வங்கிக் கணக்கு எண், பக்க அளவு, எழுத்துரு, ஐஎஸ்பிஎன் எண்ணுடன் நூலாக வெளிவரும் என்ற உறுதி. பேச எத்தனை நிமிடம் கிடைக்கும் என்ற தகவல் மட்டும் இருக்காது.

அது அன்று பிற்பகலில்தான் தெரியவரும். முற்பகல் தொடக்க விழாவுக்குப் போய்விடும்: குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து வாழ்த்துரைகள், பொன்னாடைகள், ஆய்வு மலர் வெளியீடு. மாணவர்களின் முறை சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு வகுப்பறை, ஒன்றரை மணி நேரம், பதினைந்து கட்டுரையாளர்கள். ஆளுக்கு ஆறு நிமிடம். முதல் மூவர் பத்துப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டுவிட்டால், எட்டாவதாக வரும் பெண்ணிடம் அமர்வுத் தலைவர், “முடிவுரையை மட்டும் சொல்லிடுங்கம்மா” என்பார். இரண்டு ஆண்டு களப்பணியின் முடிவுரையை அவர் வாசிப்பார், கைதட்டுவார்கள், இறங்குவார். வாசித்து முடித்தவர்கள் சான்றிதழ் மேசைப் பக்கம் போய்விடுவதால், கடைசியாகப் பேசுபவருக்கு அமர்வுத் தலைவரும் அறிக்கை எழுத உட்கார்ந்திருக்கும் ஆசிரியரும்தான் மிச்சம்.

இதற்காக மாணவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. இந்தக் கூட்டத்தைக் கூட்டியது விதிமுறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும் என்றது. சான்று என்றால் சான்றிதழ். கட்டுரையைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள், அதன்பின் ஆய்வில் என்ன மாறியது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஆசிரியர்களுக்கு வேறு கணக்கு. அதே குழுவின் 2018 ஆம் ஆண்டு ஆசிரியர் நியமன, பதவி உயர்வு ஒழுங்குமுறையின்படி, நம் நாட்டுக்குள்ளேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 5 புள்ளி, தேசியக் கருத்தரங்கில் 3 புள்ளி. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு பேராசிரியர் வந்தால், வரக்கூட வேண்டாம், இணையவழியில் அரை மணி நேரம் திரையில் தோன்றினாலே, தேசியம் பன்னாட்டாக உயர்ந்துவிடுகிறது. கல்லூரி நிர்வாகத்துக்கோ, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பிடம் காட்ட எண்ணிக்கை வேண்டும். நூல்கள், கருத்தரங்கத் தொகுப்பில் வந்த கட்டுரைகள் ஆகியவற்றை ஆசிரியர் தலைக்கு இத்தனை என்று அந்த மதிப்பீடு கணக்கிடுகிறது. ஆக, மாணவருக்குச் சான்றிதழ், ஆசிரியருக்குப் புள்ளி, கல்லூரிக்கு எண்ணிக்கை. மூன்று தரப்பும் மனநிறைவோடு வீடு திரும்பும் இந்த ஏற்பாட்டில் ஆய்வுக்கு மட்டும் இடம் ஒதுக்கப்படவில்லை.

2022 இல் வந்த புதிய ஒழுங்குமுறை, முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட வேண்டும், வாசிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் அழைப்பு மடல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மூன்று தேவைகளில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றனவே.

ஐஎஸ்பிஎன் பற்றியும் ஒரு சொல். அந்த எண்ணை ஏதோ தர முத்திரை என்று நம்பிப் பணம் கட்டும் மாணவர்கள் நிறையப் பேர். ஒன்றிய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை, நூல் வெளியிடும் எவருக்கும் கட்டணமில்லாமல் வழங்கும் அடையாள எண் அது. சமையல் குறிப்பு நூலுக்கும் அதே எண்தான். உள்ளே இருக்கும் கட்டுரையை யாராவது படித்துப் பார்த்தார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தக் கருத்தரங்குகளை மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களில் படித்தவர்கள்; வாரந்தோறும் துறைக் கூட்டத்தில் பேசிப் பழகியவர்கள். சிற்றூர் அரசுக் கல்லூரியில், வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் தன் ஆய்வைப் பற்றி ஒலிவாங்கி முன் பேசக் கிடைக்கும் முதல் இடம் இதுதான். அடுத்த மாவட்டத்தில் இதே பொருளில் இன்னொருவர் ஆய்வு செய்கிறார் என்பது தெரியவருவதும் இங்கேதான், அதுவும் அமர்வில் அல்ல, சாப்பாட்டு வரிசையில். வேறு வழியில்லாத இடத்தில் இது சிறிய வசதி அல்ல.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொகுப்பு நூல்களைப் பொறுமையாகப் புரட்டினால், நூறு கட்டுரைகளில் தொண்ணூறு ஏற்கெனவே அச்சான நூல்களின் சுருக்கமாக இருக்கும். மீதிப் பத்தில் ஒரு வட்டாரத்து மீனவர்களின் காற்றுப் பெயர்கள், ஒரு சிற்றூர்த் தெய்வத்தின் கொடை முறை, கைத்தறித் தொழிலாளர்களின் கடன் கணக்கு என்று வேறெங்கும் பதிவாகாத செய்தி இருக்கும். எழுதியவர் அந்த ஊர்க்காரர் என்பதால் கிடைத்த செய்தி அது. முனைவர் பட்ட ஆய்வேடுகளாவது சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடுகின்றன. இந்தத் தொகுப்புகள் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. பங்கேற்றவர்கள் வீட்டுப் பிரதியில் தங்கள் கட்டுரை வந்த பக்கத்தைத் தவிர மற்றவை பிரிக்கப்பட்டே இருக்காது.

இந்தக் கருத்தரங்கு நடைமுறையின் உண்மையான பலவீனம் ‘பல்துறை’ என்ற உரிமைகோரலில் இருக்கிறது. பல துறைகள் ஒரு பொருளைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. கீழடி அகழாய்வில் கிடைத்த கரிம மாதிரிகள் காலக்கணிப்புக்கு அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின; விலங்கெலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்கு; செங்கல், சாந்து முதலியவை வேலூர் விஐடிக்கு. 2019 இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் இவை ஒன்றையொன்று தாங்கி நின்றன. 353 செ.மீ. ஆழத்து மாதிரி பொ.ஆ.மு. 580 என்று காலம் காட்ட, அந்தக் காலத்து மனிதர்கள் என்னென்ன விலங்குகளோடு வாழ்ந்தார்கள் என்பதை எலும்புகள் சொல்லின. நம் கருத்தரங்குகளில் நடப்பது வேறு: முதல் அறையில் தமிழ், இரண்டாம் அறையில் வணிகவியல், மாடியில் அறிவியல். ஒரே பேருந்தில் ஏறி வெவ்வேறு நிறுத்தங்களில் இறங்கும் பயணிகள். அவர்களைச் சேர்த்து வைப்பது பயணச்சீட்டு மட்டுமே.

தவறிப்போய்த் துறைகள் கலந்துவிடும் அமர்வுகளில்தான் இந்த நடைமுறைக்கு உயிர் இருப்பது தெரியும். அப்படி ஓர் அமர்வில் வணிகவியல் மாணவி ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துகின்றன, எனவே பெண்களின் பொருளாதாரம் உயர்ந்திருக்கிறது என்று அட்டவணை போட்டுக் காட்டினார். கீழே இருந்த தமிழாசிரியை ஒருவர் எழுந்து, “தவணைப் பணத்தை எதுல இருந்து கட்டுனாங்கன்னு கேட்டீங்களாம்மா? இன்னொரு எடத்துல வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தா?” என்றார். மாணவியின் வினாநிரலில் அந்தக் கேள்வியே இல்லை. அட்டவணையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கப்போனார். அதற்குள் அமர்வுத் தலைவர், “நேரமாச்சு, அடுத்தவர் வாங்க” என்றுவிட்டார். அன்று அந்தக் கட்டிடத்தில் நடந்த ஒரே ஆய்வு முப்பது விநாடியில் முடிந்துபோனது. அந்த மாணவியின் துறைக்குள் அந்தக் கேள்வி எழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே எல்லாரும் அதே வினாநிரலில் பழகியவர்கள்.

நேரம் குறைவு என்பது சாக்கு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008 இல் தொடங்கிய போட்டியில் முனைவர் பட்ட மாணவர் தன் ஆய்வை மூன்றே நிமிடத்தில், அசையாத ஒரே ஒரு படவில்லையோடு, துறை சாராதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் தகுதி இழப்பு. இன்று உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்கள் அதை நடத்துகின்றன. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் நமக்கு ஆகாது. மேடைப்பேச்சில் தேர்ந்த நாடு இது; மூன்று நிமிடத்தில் கைதட்டல் வாங்கத் தெரிந்தவர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நமக்குக் குறை, பேசி முடித்தபின் நின்று பதில் சொல்லும் பழக்கத்தில்.

கருத்தரங்கு நடத்தும் துறைத்தலைவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். நூறு கட்டுரை வந்தால் முப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். பேச்சுக்குப் பத்து நிமிடம் என்றால் கேள்விக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். முதல் கேள்வியை வேறு துறைக்காரர் கேட்கட்டும். வாழ்த்துரைகளில் பாதியைக் குறைத்தாலே அதற்கு நேரம் கிடைத்துவிடும். அலமாரியில் இருக்கும் பழைய தொகுப்புகளை மின்வருடி, கல்லூரி இணையதளத்தில் போடுங்கள். மாணவர்களே, அடுத்த அழைப்பு மடல் வரும்போது கட்டணம் செலுத்துமுன் அதில் உள்ள கைபேசி எண்ணுக்கு அழைத்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: “எனக்கு எத்தனை நிமிடம், அதில் கேள்விக்கு எத்தனை?” பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பணத்தைக் களப்பணிக்கான பேருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.