பழைய கேம் திரும்பி வருகிறது: அறிவிப்புகளை ரசிப்பது எப்படி?

2018 ஜூன் மாதம், அமெரிக்காவில் நடந்த இ3 கண்காட்சியையொட்டி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ என்ற பெயரை மறுபடி மேடையேற்றியது. 1995-இல் கணினிக்கு வந்து, படை திரட்டிப் போரிடும் கேம்களை உலகமெங்கும் பிரபலமாக்கியவற்றில் ஒன்று அது. ரசிகர்கள் கணினியில் அடுத்த பாகம் வரும் என்று காத்திருந்தார்கள். வந்ததோ மொபைல் கேம். நிறுவனம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

அந்த அக்டோபரில் ஜிம் வெஸ்ஸெல்லா என்ற தயாரிப்பாளர் ரசிகர்களுக்கு நேரடியாக எழுதினார். உங்கள் கருத்து காதில் விழுந்தது, பழைய கணினிக் கேம்களைப் புதுப்பிக்கும் யோசனை இருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள். விஷயம் இவ்வளவுதான். அடுத்த மாதமே ரீமாஸ்டர் உறுதி என்று அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து 2020 ஜூன் 5-இல் கேம் வெளியாகும்வரை வந்த செய்திகளை வரிசையாகப் படித்தால், நல்ல தொடர்கதை படித்த சுவை இருக்கிறது. கேமை ஆடாதவர்களும் ரசிக்கலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புத்தம் புதிய கேமை அறிவிப்பவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். உடனே சரிபார்க்க யாராலும் முடியாது. பழைய கேமைத் திரும்பக் கொண்டுவருபவர் நிலைமை வேறு. கதை முழுக்கத் தெரிந்த ஊரில் கூத்துக் கட்டுவது போன்றது அது. கிருஷ்ணன் எந்த இடத்தில் வருவான் என்று முன்வரிசைக் கிழவருக்கு நடிகரைவிட நன்றாகத் தெரியும். ரீமாஸ்டர் அறிவிப்புகளின் அழகு, அசடு எல்லாமே இங்கிருந்துதான் பிறக்கின்றன.

ஆகவே பெரிய வார்த்தைகளைத் தாண்டிப் போய்ச் சின்ன விவரங்களைத் தேடுங்கள். கமாண்ட் அண்ட் கான்கர் அறிவிப்பில் ‘பிரம்மாண்டம்’ என்ற தொனியைவிட ஆட்களின் பெயர்கள்தான் முக்கியம். மூல கேமைச் செய்த வெஸ்ட்வுட் ஸ்டுடியோவின் பழைய ஆட்கள் நடத்தும் பெட்ரோகிளிஃப் நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கி திரும்பி வந்தார். கேமில் நமக்குக் கட்டளை விளக்கும் கணினிப் பெண்குரலுக்கு உரிய கியா ஹன்ட்ஸிங்கரையே மறுபடி ஒலிப்பதிவுக்கு அழைத்தார்கள். ஆட்டத்துக்குள் தனியாகக் காசு பிடுங்கும் வேலை இருக்காது என்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். எந்தப் புண்ணுக்கு எந்த மருந்து என்று தெரிந்து எழுதிய அறிவிப்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது, கைவிரித்த இடம். அந்தக் கேம்களில் நடிகர்களை வைத்துப் படம்பிடித்த காட்சிகள் உண்டு. அவற்றின் உயர்தர மூலப் பதிவுகளைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பழைய காட்சிகளை மெருகேற்றினார்கள். படப்பிடிப்பின்போது எடுத்த உபரிக் காட்சிகள் கிடைத்திருந்தன, அவற்றைக் கேமுக்குள்ளேயே பரிசாக வைத்தார்கள். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதத் துணிந்தவர் ‘கிடைத்தது’ என்று எழுதும்போது நம்பலாம். கடைசியில், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது, தொகுப்பில் இருந்த இரண்டு கேம்களின் முக்கிய மூல நிரலையும் பொது உரிமத்தில் திறந்துவிடப்போவதாக அறிவித்தார்கள். கேமைத் தாங்களே மாற்றியமைக்கும் ‘மோட்’ ஆட்களுக்கு அது திருவிழா.

அடுத்து, எதை மாற்றமாட்டோம் என்கிறார்கள் என்று பாருங்கள். 2017 மார்ச்சில் பிளிஸார்ட் நிறுவனம் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ரீமாஸ்டரை அறிவிக்கத் தேர்ந்தெடுத்த ஊர் சியோல். அந்தக் கேமைத் தொலைக்காட்சி விளையாட்டாக வளர்த்த நாடு தென் கொரியா. அறிவிப்பை அங்கே கொண்டுபோனதே ஒரு மரியாதை. படம் துலங்கும், ஆட்டம் துளியும் மாறாது என்றார்கள். ஒரே நேரத்தில் 12 வீரர்களுக்குமேல் தேர்ந்தெடுக்க முடியாத 1998-இன் கட்டுப்பாடுகூட அப்படியே இருந்தது. வெளியாள் அதைக் குறை என்பார். அந்தக் குறையைச் சுற்றித்தான் கொரிய ஆட்டக்காரர்கள் விரல் வித்தையையே வளர்த்திருந்தார்கள். ரீமாஸ்டர் வருவதற்கு முன்பே பழைய கேமை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

‘டயாப்ளோ 2’ மறுவெளியீட்டின்போது 70 பங்கு பழையது, 30 பங்கு புதியது என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். எதை எப்படி அளந்தார்கள் என்று கேட்காதீர்கள். பழைய சேவ் கோப்புகள் புதிய கேமில் ஓடும் என்று சொன்னது அந்தக் கணக்கைவிடப் பத்து மடங்கு பொருள் உள்ள வாக்கு; வீட்டில் 20 வருடமாகக் கிடந்த ஒரு வீரனை எழுப்பிக் கொண்டுவரலாம்.

அதே பிளிஸார்ட்தான் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்’ விஷயத்தில் சறுக்கியது. 2018 நவம்பரில் தன் சொந்த விழா மேடையில் ஒரே ஒரு காட்சியைப் புதுக் கேமரா கோணங்களோடு, நடிப்போடு காட்டியது. நான்கு மணி நேரத்துக்கும் மேலான காட்சிகள் இப்படி வரும் என்று பேச்சு. முன்பதிவும் கையோடு தொடங்கியது. 2020 ஜனவரியில் கேம் வந்தபோது அந்தக் காட்சிகள் பெரும்பாலும் பழைய அமைப்பிலேயே இருந்தன. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. இன்று அந்த 2018 மேடைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். காட்டியது ஒன்று, மற்றதெல்லாம் வாய்ச்சொல். நன்றாகச் செய்த ஒரு மாதிரியைக் காட்டுவது எளிது, பத்தாவதையும் முப்பதாவதையும் காட்டுபவரைத்தான் கவனிக்க வேண்டும்.

மௌனத்துக்கும் இரண்டு வகை உண்டு. 2025 ஏப்ரல் 22 அன்று பெதஸ்டா நிறுவனம் ‘ஆப்லிவியன்’ ரீமாஸ்டரை அறிவித்த அன்றே விற்பனைக்கும் வைத்தது. படங்கள் முன்பே கசிந்திருந்தாலும் இது நேர்மையான மௌனம். சொன்னதும் பொருளும் ஒன்றாக வந்தால் ஏமாற வழியில்லை. 2021-இல் ராக்ஸ்டார் தன் மூன்று பழைய ‘ஜி.டி.ஏ.’ கேம்களுக்குச் செய்தது இன்னொரு வகை. அக்டோபர் 8 அறிவிப்பு, 22-இல் ஒரு குட்டி டிரெய்லர், நவம்பர் 11 விற்பனை. ஆட்டத்தை ஆற அமரக் காட்டவேயில்லை, நடுவில் பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்தும்விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் செய்வதும் ஒரு செய்திதான். குறைகள் மலிந்த அந்த வெளியீட்டுக்காக நவம்பர் 19-இல் மன்னிப்புக் கேட்டு, பழையவற்றைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவருவதாக எழுதினார்கள்.

இதையெல்லாம் பழகிவிட்டால் ஒரு டிரெய்லரின் மூலையில் பொடி எழுத்தில் ஓடும் ‘இது உண்மையான ஆட்டக் காட்சி அல்ல’ என்ற வரிகூடச் சுவாரஸ்யமாகிவிடும். ‘முயல்கிறோம்’ எங்கே, ‘இருக்கும்’ எங்கே என்று பிரித்துப் படிப்பீர்கள். கையெழுத்துப் போட்ட கடிதம் எது, விளம்பரப் பிரிவு கூடி எழுதியது எது என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

முன்பதிவுப் பொத்தானை மட்டும் விட்டுவிடுங்கள். டிஜிட்டலாக விற்கும் கேம் தீர்ந்துபோவதில்லை. வெளிவந்து ஒரு வாரம் கழித்து வாங்கினாலும் அதே கேம்தான் கிடைக்கும்.