பெயரிடும் அதிகாரமும் பெயர் கிடைக்காத பிள்ளைகளும்

1

ஃபூக்கோவைப் படித்த நம்மில் பலருக்கு மருத்துவமனை என்றாலே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. பைத்தியம் என்று பெயரிட்டு ஒதுக்கியது, ஒதுக்கிய உடலைக் கண்காணித்தது, அந்தக் கண்காணிப்பையே அறிவு என்று நிறுவியது எல்லாமே ஒரே அதிகாரத்தின் வேலை என்று கற்றுக்கொண்டிருக்கிறோம். சந்தேகம் நல்லதுதான். ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் திமிரியில் வந்து இறங்கினால், அது பாதிதான் வேலை செய்கிறது. மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பொம்மை வண்டியை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளையின் மேல் எந்த நிறுவனமும் பாய்ந்துவந்து பெயர் ஒட்டுவதில்லை. அதிகாரம் பெயரிடுவதில் மட்டும் இல்லை, பெயரிடாமல் காக்க வைப்பதிலும் இருக்கிறது. இதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

2

ஆட்டிசத்தின் வரலாறே யார் மருத்துவர் வாசலுக்கு வர முடிந்தது என்பதன் வரலாறு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், மூளை உழைப்பாளிகள் என்று பதிவு செய்தார். கூடவே அவர்களிடம் கனிவு குறைவு என்றும் எழுதினார். குறை பிறவியிலேயே வருவது என்று கட்டுரையின் முடிவில் அவர் சொன்னதை உலகம் மறந்தது. கனிவற்ற பெற்றோர் என்பதைப் பிடித்துக்கொண்டது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே ஆக்கினார். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற வசைச்சொல் ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964லேயே இதை மறுத்து, காரணம் நரம்பியல் சார்ந்தது என்று எழுதியிருந்தும் வசை எளிதில் ஓயவில்லை.

படித்த குடும்பங்களில்தான் ஆட்டிசம் வரும் என்ற நம்பிக்கையை உடைத்தவர் லோர்னா விங். அவரும் ஆட்டிசமுள்ள ஒரு பெண்ணின் தாய். லண்டனில் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தபோது வர்க்க வேறுபாடு தெரியவில்லை என்று 1980இல் எழுதினார். நிபுணரைத் தேடிப் போகவும் சங்கம் வைக்கவும் முடிந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் மேல்வர்க்கம் தெரியும். எல்லாப் பிள்ளைகளையும் எண்ணினால் அது மறைந்துவிடும். அதாவது வர்க்கம் நோயில் இல்லை, நோயின் பெயர் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. ‘இதெல்லாம் சென்னை, பெங்களூர் ஐ.டி.காரங்க வீட்டு வியாதி’ என்று இன்றும் பேசுகிற நமக்கு நாற்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய இந்தப் பதிலே போதும்.

3

சரி, பெயர் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன பெயர் அது? தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ என்று இருக்கிறது. நிதானமாகப் படித்துப் பாருங்கள். புற உலகம் பற்றிய சிந்தனையே இல்லையாம், மதியும் இறுகிப் போயிருக்கிறதாம். 1910களில் ஆய்கன் ப்ளாய்லர் மனச்சிதைவு நோயாளிகளின் உள்ளொடுங்கலைக் குறிக்கத்தான் ஆட்டிசம் என்ற சொல்லை உண்டாக்கினார். கானர் அதைக் குழந்தைகளுக்குக் கடன் வாங்கினார். மருத்துவம் அந்தப் பொருளை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. நம் அலுவலக மொழி மட்டும் ப்ளாய்லரோடு நின்றுவிட்டது.

பக்கத்துத் தெரு மாவு மில் ஓடுகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லை என்பதா? அதற்குப் புற உலகம் அளவுக்கு மீறி வந்து மோதுகிறது. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்காகப் பெருமைப்பட்டுக்கொள்கிற மாநிலத்தில், அதே துறையின் விண்ணப்பத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சிந்தனையற்றது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாள். இவ்விடத்தில் ஃபூக்கோ சரியாகவே பொருந்துகிறார். மொழிக்காக இவ்வளவு சண்டை போட்ட நாம் இந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டிருக்கிறோமா?

4

இனி வழி. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட 7 வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் முதலில் இடம் கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கி ஆட்டிசத்தைச் சேர்த்தது. இடையில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. தாளில் எல்லாமே இருக்கிறது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாயோடு நடந்து பார்ப்போம். அவள் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கிழவி. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பன் இன்னா சீக்கிரமாவா பேசினான்?’ என்பதில் ஒரு வருஷம் போகிறது. வசம்பு உரைத்து நாக்கில் தடவியதில், தாயத்து கட்டியதில், தர்காவில் ஓதியதில், கோயிலில் வேண்டியதில் இன்னொரு வருஷம். இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம். ஆனால் நடந்து போகிற தூரத்தில், கூலி போகாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிற இடம் அவளுக்கு வேறு எது? அதற்கப்புறம் வாலாஜா அரசு மருத்துவமனை. அங்கிருந்து அடுக்கம்பாறை, இல்லாவிட்டால் வேலூர் சி.எம்.சி. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு நாள், மனநல மருத்துவருக்கு ஒரு நாள், சான்றிதழுக்கு ஒரு நாள்.

சான்றிதழுக்கு அளவுகோல் இருக்கிறது. செகந்திராபாத் தேசிய நிறுவனம் உண்டாக்கி 2016இல் மத்திய அரசு அறிவித்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 2018 வழிகாட்டுதலின்படி கூட்டுத்தொகை 70 வந்தால் 40 சதவீத ஊனம். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசமே இல்லை. சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி. தன் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வரட்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்ளும் ஒரே தேர்வு இதுதான். அதுவும் பிள்ளை எவ்வளவு முடியாதது என்று காட்டுவதற்கான மதிப்பெண். உதவியை உரிமையாகத் தராமல் சதவீதத்துக்கு விலையாகத் தருகிற அரசு, தாயையே பிள்ளைக்கு எதிரான சாட்சியாக்குகிறது.

5

பெட்டல்ஹைம் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் அவர் குரல் மட்டும் நம் தெருவில் கேட்கிறது. ‘அம்மாக்காரி வேலைக்குப் போறா, புள்ளைக்குப் போனக் குடுத்துட்டா, அதான் இப்படி’ என்கிறார்கள். சின்னப் பிள்ளை நாளெல்லாம் திரை பார்ப்பது பேச்சுக்கு நல்லதில்லை என்பது உண்மை. ஆனால் ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. போன் கொடுத்ததால் ஆட்டிசம் வந்தது என்பது மருத்துவம் அல்ல, வேலைக்குப் போகும் பெண்ணின் மேல் பழைய கோபம் புதுத் துணி கட்டிக்கொண்டு வருவது. அவள் சம்பளத்தில் கடன் அடைக்கிற வீடும் இதைச் சொல்கிறது. சத்தமில்லாமல் நகர்ந்துகொள்கிற தகப்பனை யாரும் கேட்பதில்லை.

சிகிச்சை முறையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையோடு தங்கி, எப்படிப் பழக்குவது என்று கற்றுக்கொள்கிறார்கள். நிபுணனின் ரகசியத்தைத் தாயின் கைக்கு மாற்றுகிற முறை என்பதால் மதிக்க வேண்டியது. ஆனால் வாரக்கணக்கில் தங்க யாரால் முடியும்? வேலையை விட்டவளால், வீட்டில் இன்னொரு சம்பளம் உள்ளவளால். ‘தாய்தான் சிறந்த சிகிச்சையாளர்’ என்று கேட்க இனிமையாக இருக்கிறது. அந்தச் சிகிச்சையாளருக்குச் சம்பளம் யார் தருவது என்று சேர்த்துக் கேட்காவிட்டால் அது இன்னொரு சுரண்டலாகிவிடும்.

6

செயல்பாட்டாளர்களிடம் ஒரு வார்த்தை. இந்தத் தோல் வட்டாரத்தில் எந்தக் குறையைப் பார்த்தாலும் நம் கை பாலாற்றைக் காட்டுகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மலை பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2015 ஜனவரியில் சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். இவை எல்லாம் நம் போராட்டத்துக்கு உரியவை. ஆனால் குரோமியத்தால்தான் ஆட்டிசம் என்று நிறுவப்படவில்லை. நிறுவப்படாததைப் பிள்ளையின் நெற்றியில் எழுதி ஊர்வலத்தில் தூக்கிப் பிடித்தால், அந்தப் பிள்ளை மாசுக்கான சாட்சிப் பொருளாகிவிடும், மனிதப் பிள்ளையாக இராது. பாலாற்றுக்கான நியாயத்துக்கு இந்தப் பிள்ளைகள் தேவையில்லை. இந்தப் பிள்ளைகளுக்கான நியாயத்துக்கும் பாலாறு கெட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

7

மேற்கே ஆட்டிசமுள்ளவர்களே எழுந்து, ‘எங்களுக்காக அழ வேண்டாம், நாங்கள் வேறு மாதிரி, அவ்வளவுதான்’ என்று 1990களிலிருந்து பேசிவருகிறார்கள். ஜிம் சின்க்ளேர் 1993இல் அதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். அந்தக் குரல் நமக்கும் வேண்டும். ஆனால் பெயரை மறுக்கிற சுதந்திரம், பெயர் கிடைத்தவனுக்குத்தான் உண்டு. திமிரியில் நாம் கேட்க வேண்டியவை சின்னவை, ஆனால் பிடிவாதமானவை. பிள்ளை பேசவில்லை, திரும்பவில்லை என்றதுமே பயிற்சி தொடங்க வேண்டும், சான்றிதழ் பின்னால் வரட்டும். பயிற்சியாளர் அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிள்ளையை அழைத்துப் போகிற நாளுக்குக் கம்பெனி சம்பளம் பிடிக்கக் கூடாது. இதைத் தொழிற்சங்கம் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்க வேண்டும். உலக வங்கிக் கடனில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டம் ஊர் ஊராக என்ன செய்தது என்று கிராமசபையில் கணக்குக் கேட்க வேண்டும். அரசுத் தாளில் இருக்கிற அந்தப் பெயரை மாற்றியே ஆக வேண்டும்.

இவற்றைக் கேட்டுவிட்டு நோய்ப்பெயரின் அதிகாரத்தை விமர்சிப்போம். கேட்காமல் விமர்சித்தால் அந்த விமர்சனத்தின் செலவைத் திமிரித் தாய்தான் ஏற்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியாக.