பெயரில்லாதவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்

விளையாட்டாக ஒரு சொல்லை உண்டாக்கி, அகராதி நடையில் அதற்கு வேடிக்கையாகப் பொருள் எழுதுவது ஆங்கிலத்தில் தனியொரு இலக்கிய வகையாக வளர்ந்திருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மொழியில் எதற்கெல்லாம் சொல் இல்லை என்பதை இந்த நூல்களைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

கொச்சைச் சொற்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் குரோஸ். படையில் இருந்தவர், பழம்பொருள் ஆய்வாளர். லண்டனின் இரவுத் தெருக்களிலும் மதுக்கடைகளிலும் காதில் விழுந்ததையெல்லாம் தொகுத்து 1785இல் அகராதியாக வெளியிட்டார். அவர் எதையும் புனையவில்லை. அமெரிக்கரான அம்புரோஸ் பியர்ஸும் சொற்களை உண்டாக்கியவர் அல்லர். புழக்கத்தில் இருந்த சொற்களுக்கே குத்தலாகப் பொருள் எழுதினார். பத்திரிகைகளில் எழுதிவந்தவை 1906இல் நூலாயின. ‘டெவில்ஸ் டிக்‌ஷனரி’ என்ற பெயர் 1911இல் வந்தது. கூர்மையான எழுத்துதான். ஆனால், தொடர்ந்து பத்துப் பக்கம் படித்தால் அந்தக் கசப்பு சலித்துவிடுகிறது.

புதிதாகப் புனைந்தவர்களின் கதைதான் சுவையானது. ஜெலட் பர்ஜெஸ் 1907இல் தன் நூல் ஒன்றுக்காகக் கேலியாக ஓர் அட்டை தயாரித்தார். நூலை வானளாவப் புகழும் அட்டை வாசகத்துக்கு அதில் அவர் வைத்த பெயர் ‘பிளர்ப்’. 1914இல் இதுபோன்ற சொற்களைக் கொண்டே ஓர் அகராதியும் எழுதினார். அதிலிருந்த மற்ற சொற்கள் ஏறக்குறைய எல்லாமே மறைந்துவிட்டன. பிளர்ப் மட்டும் இன்று தமிழ்ப் பதிப்பாளர்கள் வாயிலும் புழங்குகிறது. காரணம் எளிது. அந்தப் பொருள் பதிப்பகத்தாரின் கண்முன்னே தினமும் இருந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்ல வேறு பெயர் இல்லை. மற்ற சொற்களில் பர்ஜெஸின் குறும்பு இருந்தது, பிறருடைய தேவை இல்லை.

டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாயிடும் 1983இல் ‘தி மீனிங் ஆஃப் லிஃப்’ நூலில் வேறு வழி பிடித்தார்கள். ஊர்ப்பெயர்களை எடுத்து, பெயரில்லாத அனுபவங்களுக்குச் சூட்டினார்கள். ‘ஷூபரினெஸ்’ எசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஊர். அவர்கள் அகராதியில் அது, முன்பு உட்கார்ந்திருந்தவரின் உடற்சூடு ஆறாத இருக்கையில் உட்காரும்போது எழும் லேசான கூச்சம். பேருந்தில் போகிற எவருக்கும் இது தெரியும். யாரும் இதைச் சொல்லாக்கியதில்லை. இந்த வகையின் உச்சம் இந்த நூல் என்பது என் கணிப்பு. அவர்களுடைய சொற்கள் பேச்சுவழக்கில் பரவவில்லை. இருந்தாலும் அந்தப் பொருள் வரையறைகளின் துல்லியம் இன்றும் மங்கவில்லை. சிரிப்பு வருவதே அந்தத் துல்லியத்தால்தான்.

அண்மைக் காலத்தில் ஜான் கோனிக் இதே வடிவத்தைத் துயரத்தின் பக்கம் திருப்பினார். எதிரே போகும் ஒவ்வொருவருக்கும் நம்முடையதைப் போலவே நிறைந்த ஒரு வாழ்க்கை உண்டு என்று திடீரென உறைப்பதற்கு அவர் வைத்த ‘சாண்டர்’ என்ற பெயரைப் பலர் இயல்பாகவே பயன்படுத்துகிறார்கள். அவருடைய அகராதி 2021இல் நூலாக வந்தது.

தமிழில் சொல் உண்டாக்குபவர்களுக்குப் பஞ்சமில்லை. மழுங்கிய முனையைக் குறித்த ‘மொக்கை’ சுவையற்ற நகைச்சுவைக்குப் பெயரானது. ‘கடலை போடுவது’ வேறொரு வேலையானது. ‘கலாய்ப்பது’ வீட்டுப் பெரியவர்கள் பேச்சுவரை வந்துவிட்டது. கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுக்க ஒரு கி. ராஜநாராயணன் இருந்தார். கல்லூரி விடுதிகளிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் பிறக்கும் சொற்களுக்கு அப்படிப்பட்ட உழைப்பு தேவை. அவை வேகமாகப் பிறக்கின்றன, அதைவிட வேகமாக மறைகின்றன. உங்கள் விடுதியில், உங்கள் தெருவில் மட்டும் வழங்கிய சொல் ஒன்று நினைவிருந்தால், அந்தச் சொல், ஊர், ஆண்டு, சொன்னவர்களே கொடுத்த பொருள் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள்.