கோபல்ல கிராமமும் குடிபெயர்ந்த பெண்களும்

மணியாச்சி சந்திப்பிலிருந்து கோவில்பட்டி நோக்கி இரயிலில் செல்வோர் இருமருங்கும் காண்பது கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும் இம்மண்ணில் தெலுங்கு பேசும் உழவர் குடிகள் வந்தமர்ந்ததைக் கதையாக்கியவர், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன். 1976இல் வெளிவந்த அவருடைய 'கோபல்ல கிராமம்' நம் இல்லங்களிலும் படிக்கப்பட வேண்டிய நவீனம். ஆயினும் முஸ்லிம் வாசகர் ஓரிடத்தில் தயங்கி நிற்பார்.

நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள், தம் குடியினர் புறப்பட்ட கதையைச் சொல்கிறார். சென்னாதேவி என்னும் அழகியைத் 'துலுக்க ராஜா' விரும்பியதால் ஊரைத் துறந்தார்களாம். வழிமறித்த ஆற்றைக் கடக்கக் கரைமரமே வளைந்து கொடுத்ததாம். இவ்விடத்தோடு நூலை மூடிவைத்த நண்பர்கள் எனக்குண்டு.

அவர்களுக்கு நான் நினைவூட்டுவது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்ததையே. ரிவாயத் என்பது செய்தியை அறிவித்தல். திராயத் என்பது அதனை ஆராய்ந்து தெளிதல். ஆசிரியர் இச்செய்தியை வரலாறென நிறுவவில்லை. பாட்டியின் நினைவாகவே வைக்கிறார். மேலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில், தொட்டிய நாயக்கரின் மரபுக்கதையும் இவ்வாறே அமைந்துள்ளது: முஸ்லிம் ஆட்சியாளர், தப்பியோட்டம், ஆற்றின்மேல் வளைந்த புங்க மரங்கள். ஒரே கதை வெவ்வேறு குடிகளில் வழங்குமாயின், அது ஒரு மன்னன்மீது கூறப்பட்ட சாட்சியமாகாது. ஊர் துறந்தோர் தம் துயருக்குக் காரணம் தேடிய வாய்மொழி மரபாகும். எனினும் அச்சொல் நம் பிள்ளைகளின் உள்ளத்தைத் தைக்கும். ஆதலால் இதனை விளக்கிப் படிக்கக் கொடுப்பது பெற்றோர் கடமை.

நான் காணும் குறை வேறு. சென்னாதேவியின் அழகுக்குக் கிடைத்த விரிவு, காட்டை எரித்துக் கழனியாக்கிய பின் அங்கே குடும்பம் நடத்திய மனைவியரின் அன்றாடப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. அப்பாடு எத்தகையது என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் ஒரு சான்றுண்டு. மக்கத்து வணிகர் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி), ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் வாழ்ந்தார். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தீனி வைத்தார், நீர் இறைத்தார், தோல்வாளியைத் தைத்தார், தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். மாவு பிசையத் தெரிந்த அவருக்கு ரொட்டி சுடுவது நன்றாக வராது. அண்டைவீட்டு அன்சாரிப் பெண்களே சுட்டுக் கொடுத்தார்கள். பின்னர்த் தந்தையார் ஒரு பணியாளை அனுப்பியபோது, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதுபோல் இருந்ததாம்.

புதிய மண்ணில் ஒரு பெண் வேரூன்றுவது இத்தகைய அண்டைவீட்டு உதவியால்தான். கரிசலுக்கு வந்த பெண்களுக்கு அவ்வாறு ரொட்டி சுட்டவர் யார்? நவீனம் இவ்வினாவுக்குள் நுழைந்திருப்பின் இன்னும் உயர்ந்திருக்கும்.

ஆயினும் ஒன்றுக்காக நூலாசிரியரைப் போற்றவேண்டும். ஒரு குடியின் நினைவு முழுவதையும் ஒரு மூதாட்டியின் நாவில் ஒப்படைத்தார். அஸ்மா (ரலி) அவர்களின் செய்தியும் அவர் வாய்மொழியாகவே, மகனார் உர்வா வழியாக நம்மை வந்தடைந்தது. நம் குடும்பங்களிலும் வாழ்க்கைப்பட்டு அயலூருக்கு வந்த பாட்டிமார் உள்ளனர். அவர்கள் சொல்வதை எழுதிவைக்கும் உர்வா நம்மில் எவர்?