டேப்லெட்டா லேப்டாப்பா? முதலில் அந்த பிடிஎஃப்-ஐப் பாருங்க

2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. எங்க திருச்சுழித் தொகுதிக்காரர்தான். 2026 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்தது லேப்டாப்.

டேப்லெட் போனதில் எனக்கு வருத்தமில்லை. 2011-ல் வந்த ஆகாஷ் ஞாபகமிருக்கா? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டால்தான் கேட்கிற திரை. எல்லாரும் வன்பொருளைத் திட்டினோம், நானும்தான். நல்ல சிப் போட்டிருந்தா மட்டும் வகுப்பு மாறியிருக்குமா?

சமீபத்தில் அருப்புக்கோட்டை - திருச்சுழி பஸ்ஸில் பக்கத்து சீட்டு பி.எஸ்சி. மாணவர் போனில் படித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப். கையெழுத்து நோட்டைச் சாய்வாக ஸ்கேன் செய்தது. ஒரு சொல்லைத் தேட முடியாது. பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடுது. இன்னொன்று பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு. போனில் பாமினி ஏது? தமிழ் வரவேண்டிய இடத்தில் 'க'வுக்கு ஒரு ஆங்கில எழுத்து, 'ம'வுக்கு ஒன்று என்று வெறும் குப்பை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்!

வீட்டில் ஆங்கிலம் படித்தவர் இல்லாத, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு வேறு புத்தகமும் கிடையாது. இதுதான் பாடம். புது லேப்டாப்பில் திறந்தாலும் அந்த ஸ்கேன் அதே சாய்வில்தான் இருக்கும்.

இதுக்கு முதற்கட்ட ஒதுக்கீடே 2,000 கோடி. அதில் ஒரு கோடியை எடுத்து, பாடக்குறிப்பை யூனிகோடில் தட்டச்ச ஆள் போடலாம். சரிபார்க்க ஆசிரியருக்கு வாரம் ரெண்டு பீரியட் குறைக்கலாம். இணையம் இல்லாமலும் திறக்கிற சாதாரண ஹெச்டிஎம்எல் கோப்பு போதும், ஆப் எல்லாம் வேண்டாம்.

அவருக்கு ஒரு எழுத்துரு மாற்றியைக் காட்டிக் கொடுத்தேன். திருச்சுழி வருவதற்குள் மூணு பக்கம் மாற்றிவிட்டார்.