மாலகோயில் பசு

சோமனூரில் விசைத்தறிச் சத்தம் ஓய வேண்டுமென்றால் மின்சாரம் நிற்க வேண்டும். அப்படி நின்ற ஒரு நவராத்திரிச் சாயங்காலம், நண்பர் ஒருவர் வீட்டுக் கொலுவின் முன்னால் அகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். பண்ணுருட்டிப் பொம்மைகள், மதுரைக்கு அடுத்த விளாச்சேரிப் பொம்மைகள், தசாவதாரம், கல்யாண ஊர்வலம், தொப்பையோடு செட்டியாரும் அவர் சம்சாரமும் என்று எல்லாம் வழக்கம்போல இருந்தன. படிகளில் இடம் கிடைக்காமல் தரையோரமாக ஒரு மண் பசு நின்றது. ஒரு சாண் உயரம். வர்ணம் கிடையாது. அதைக் கண்ட பிறகு தசாவதாரத்தின் பக்கம் என் கண் திரும்பவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தேன். கால்கள் நான்கும் வெறும் குழாய்கள். குளம்பு என்று ஒன்று இருப்பதே செய்தவருக்கு ஞாபகம் வரவில்லை போலும். ஒரு காது பெரிது, மற்றது சிறிது. கண்கள் இரண்டு மண் உருண்டைகள். கழுத்து மணிக்காகக் குச்சி முனையால் நாலு குத்து. இவ்வளவு அலட்சியமாக வேலை செய்த அதே கை, மடிக்கு வந்ததும் நிதானித்திருக்கிறது. நான்கு காம்புகளும் தனித்தனியே உருட்டி ஒட்டப்பட்டு, மடியின் பின்பக்கத்துச் சுருக்கம்கூட விரலால் வழித்துக் காட்டப்பட்டிருந்தது. நின்ற நிலையில் யாருக்கும் தெரியாத இடம் அது. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு உருவாரம் என்று பெயர். உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் மாலகோயில் என்றால்தான் தெரியும். மாடு கன்றுக்கு நோவு வந்தால் குடியானவர்கள் அங்கே நேர்ந்துகொள்கிறார்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் திருவிழாவில் மண் மாடுகளை வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். வைத்தது வைத்ததுதான். பிறகு அது வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது, உடைகிறது. செய்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

கலை விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது சங்கடமான பொருள். பேரூர்க் கனகசபையைப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்தத் தூண்களைச் செதுக்கிய சிற்பி நம்மை வாய்பிளக்க வைக்கத் தீர்மானித்தே உளியை எடுத்தவர். யானைத் தோலை உரித்துப் போர்த்த சிவனும், மேல்தளத்திலிருந்து தொங்கும் கற்சங்கிலியும் பார்க்கிறவனுக்காகச் செய்தவை. சோமனூருக்கு வெகுதூரமில்லாத திருமுருகன்பூண்டியில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. அங்கே ஸ்தபதிகளுக்குத் தாளக் கணக்கு இருக்கிறது; முகம் இத்தனை, உடல் இத்தனை என்று சாஸ்திரம் கை பிடித்து அழைத்துப் போகிறது. கொலுப் பொம்மைக்கு அச்சு இருக்கிறது. அச்சை நான் இழிவாகச் சொல்லவில்லை. முதல் உருவைக் கையால் வனைந்தவர் கலைஞர்தானே. கடைசியில் புருவம் எழுதும் தூரிகைக்காரரும் கலைஞர்தான். ஆனால் அந்தப் பொம்மைகள் அத்தனையும் நம்மையே பார்க்கின்றன. மண் பசு நம்மைப் பார்க்கவில்லை.

குயவருக்கு வழிகாட்டி, வாங்குகிறவளின் கவலை ஒன்றுதான். பால் வற்றிய பசுவுக்கு மடி வேண்டும், குளம்பு எதற்கு? எதை விடலாம் என்று தெரிந்த கை அது. எங்களைப் போன்ற நாவலாசிரியர்களுக்கு அது லேசில் வருவதில்லை. குளம்பையும் வாலையும் வர்ணித்து முடிப்பதற்குள் முந்நூறு பக்கம் ஓடிவிடும்.

உருவாரம் எல்லாமே உயர்ந்த கலை என்று நான் சொல்ல வரவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாட்களில் அவசரமாகப் பிடித்தவற்றில் மாடு எது, நாய் எது என்று தெரியாதவையும் உண்டு. மண்ணில் மணல் சரியாகக் கலக்காமல், நிழலில் ஆற விடாமல் சூளையில் வைத்ததால் வயிறு வெடித்தவையும் உண்டு. ஆனால் அவையும் நேர்த்திக்கடனுக்குச் செல்லும். இங்கேதான் என் தராசு உதவாமல் போகிறது. நல்ல உருவாரத்துக்கும் மட்டமான உருவாரத்துக்கும் சாமி வித்தியாசம் பார்ப்பதில்லை என்றால், அந்த மடியை அவ்வளவு கவனமாகச் செய்தது யாருக்காக?

மதுரை வட்டார வேளார்களைப் பற்றி 1980-ல் புத்தகம் எழுதிய ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், மண் உருவங்களைச் செய்பவர்களே பூசாரிகளாகவும் இருப்பதைச் சொல்கிறார். அதில் கொஞ்சம் விடை இருக்கிறது. கைவினைக் கண்காட்சியில் விளக்குப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மண் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தன. வேலை இல்லாமல் உட்காரவைக்கப்பட்ட ஆட்களைப்போலவும் இருந்தன.

இவ்வளவும் எண்ணிய நானே அன்று செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பசுவை எனக்குக் கொடுப்பார்களா என்று நண்பரின் தாயாரைக் கேட்டேன்.

"அது குடுக்கறதுக்கில்லீங்க தம்பி," என்றார் அந்த அம்மாள். "மாலகோயிலுக்குச் சொன்னது. மாடு சொகமாயிருச்சு. அப்பறம் தோட்டத்தைக் குடுத்துப்போட்டுத் தறிக்கு வந்துட்டமுங்களா, மாட்டையும் வித்தாச்சு. இதைக் கொண்டுபோய் வெக்கறதுக்குத்தான் தோதுப்படலீங்க."

"எத்தனை வருஷமாச்சும்மா?"

"இவன் அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தானுங்க," என்று மகனைக் காட்டினார். நண்பருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். "வர்ற தையில வெச்சுப்போடோணும்."

மின்சாரம் வந்துவிட்டது. தெரு முழுவதும் தறிகள் மறுபடி கிளம்பின. அம்மாள் பசுவை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே சுவரைப் பார்க்க வைத்தார்.