உரிமை கோரியவர் பெயர்

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய படங்களில் கடல்தான் நிறைந்திருக்கும். கரை வெறிச்சென்று கிடக்கும். பிரான்சியரான பெலின் 1764இல் வெளியிட்ட சிறிய படமானாலும் சரி, பின்னாளில் பிரித்தானியக் கடற்படை அச்சிட்ட பெரிய தாளானாலும் சரி, இதில் மாற்றமில்லை. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாகம் பாகமாக அளந்த ஆழங்கள் குடா முழுவதும் இறைந்து கிடக்கும். சில எண்களின் தலையில் ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் இருக்கும். அவ்வளவு கயிறு விட்டும் தரை தட்டவில்லை என்று பொருள். கொட்டியாரக் குடாவின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று விழுவதை அறிந்தவருக்கு அந்தப் புள்ளியைப் பார்த்தாலே உடல் சிலிர்க்கும்.

ஆனால் குடும்ப வேர் தேடும் நமக்கு வேண்டிய பூட்டன் அந்தக் கடலில் இல்லை. 1782இல் மட்டும் இந்தத் துறை ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கையிலுமாக இரண்டு முறை மாறியது. அப்படிப்பட்ட இடத்துக்குப் படம் வரைந்தவர்கள் நங்கூரம் எங்கே பிடிக்கும், பீரங்கி எதுவரை எட்டும் என்றுதான் பார்த்தார்கள். ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் லூப்பே பட்டியலிட்ட ஒல்லாந்தக் கொம்பனிப் படங்கள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் கோட்டைப் படங்களின் வண்ணப் பூச்சு அழகோ அழகு. றைன்லாந்துக் கோலில், அதாவது ஏறக்குறைய 3.77 மீற்றரில், அளவிட்ட கொத்தளங்கள் கூர்மையாக நிற்கும். மதிலை விட்டு வெளியே போகப்போக வரைந்தவரின் கை தளர்ந்துவிடும். நாலு மரம், இரண்டு குடிசை, அவ்வளவுதான். சுவரில் மாட்ட நல்ல படங்கள். குடும்பம் தேடுபவருக்கு அவை முன்னுரை மட்டுமே.

எனக்குப் பிடித்தது நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படம்: ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், தீவு முழுவதற்கும் 72 தாள்கள். தம்பலகாமத்துப் பக்கத்தையோ கொட்டியாரத்தையோ விரித்தால் குளங்கள், கைவிடப்பட்ட குளங்கள், புள்ளிக்கோடாய்ப் போகும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் தெரியும். அந்தப் புள்ளிக்கோடுகளைக் கல்யாணக் கோடுகள் என்றே நான் வாசிப்பது. சேனையூரும் கடற்கரைச்சேனையும் சம்பூரும் கூனித்தீவும் எப்படிக் கோர்த்துக் கிடக்கின்றன என்று பார்த்தால், யார் வீட்டில் யார் பெண் எடுத்திருப்பார்கள் என்பது பாதி விளங்கிவிடும். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான். அதுவரை 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் போகவேண்டும். இன்றைய வீதிப் படத்தை வைத்துக்கொண்டு அன்றைய உறவைத் தேடினால் கிடைக்காது.

இவற்றையெல்லாம் விட அழகில்லாத ஒன்று இருக்கிறது: கிராமப் படம். வண்ணம் இல்லை, மலை நிழல் இல்லை. கறுப்புக் கோடும் துண்டு இலக்கமும் மட்டும். அதோடு சேர்ந்து வருவது காணிப்பட்டியல். துண்டின் இலக்கம், காணியின் பெயர், விஸ்தீரணம், கடைசியில் உரிமை கோரியவர் பெயர். அந்தப் பெயர் அங்கே வந்தது அரசின் கரிசனையால் அல்ல. சேனை நிலத்துக்கு உறுதி காட்டாவிட்டால் அது முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. பறிபோகும் என்ற பயத்தில் ஆட்கள் வந்து 'இது என்னுடையது' என்றார்கள். அந்த வாக்குத்தான் பட்டியலில் படிந்திருக்கிறது. பயத்துக்கு இப்படி ஒரு பயன்!

வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டில் உறுதி இருந்தால், நொத்தாரிசு எழுதிய நாலு எல்லையையும் முதலில் பிரித்தெழுதுங்கள்: கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வளவு. அந்த 'இன்னார்' பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார். ஒரே காணி பிள்ளைகளுக்குப் பிரிந்த தடம் அது. தகப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிழக்கில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் வலியது. அடுத்த தலைமுறையில் ஆண் வேறு ஊருக்குப் போயிருப்பான். காணி தாய்வழியில் அங்கேயே நிற்கும். கோணேசர் கோயிலின் பழைய வரலாற்று நூலான கோணேசர் கல்வெட்டுச் சொல்லும் தானத்தார், வரிப்பத்தார் என்னும் கோயில் ஊழியர் வரை எங்கள் கிளை போகிறது என்பவர்கள் உண்டு. போகட்டும்; அங்கே கொண்டுபோய் விட எந்தப் படத்துக்கும் சக்தியில்லை. நாலு தலைமுறை தெளிவாகக் கிடைத்தாலே பெரிய காரியம்.

2006இல் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். இடையில் காடு வளர்ந்து, வீடு இடிந்து, வேலி அழிந்த நிலத்தில் எல்லை எங்கே என்று காட்ட உறுதியும் கையில் இல்லாதவர்களுக்கு, ரசனைக்காக நான் விரிக்கும் இதே கிராமப் படத் தாள்கள் சாட்சிப் பத்திரம். வடக்கே தென்னமரவாடிக்காரர்கள் 1984இலேயே ஊரைவிட்டுப் போனவர்கள். ஊரைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் குளம் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று சொல்ல ஓரங்குலத் தாள் ஒன்று போதும்.

நில அளவைக் கந்தோருக்குப் போகிறவர்கள் படத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய உறுதியின் அட்டவணையில் அது இருக்கக்கூடும். படத்தை மட்டும் கேட்டால் படம் மட்டும்தான் வரும். காணிப்பட்டியலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.